மேட்டை எடுக்கும் தேதி

"நீ ஏன் எதையுமே கேக்க மாட்டேங்கற?"

கல்யாணமான முதல் வருடம் அவன் இப்படிக் கேட்டான். மொட்டை மாடியில் இரண்டு பேருமாகத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் அவன் சைட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

"என்ன கேக்கணும்?" என்றாள் அவள்.

"எதையாவது. எங்க வெல்டருக்கு வீட்டுலேருந்து ஒரு நாளைக்கு எத்தனை போன் தெரியுமா? எப்ப வருவே, ஏன் வரல, வரலன்னா நான் கிளம்பி அங்க வந்துடுவேன். எனக்கு ஒண்ணுமே வராது. எனக்குக் கல்யாணமே ஆகல, சும்மா மோதிரம் போட்டுக்கிட்டுத் திரியறேன்னு பேசிக்கறாங்க."

"நான் வான்னு கூப்பிட்டா வந்துடுவியா?"

"கூப்பிட்டாத்தானே தெரியும்."

"அந்தப் பயத்துலதான் கூப்பிடல." அவள் ஒரு துண்டை உதறினாள். "எங்கம்மா கேட்டாங்கன்னு எங்கப்பா கப்பல் வேலையை விட்டாரு. அதுக்கப்புறம் சாப்பாட்டுல உப்பு குறைஞ்சாக்கூட, உனக்காகத்தான் கப்பலை விட்டேன்னு ஆரம்பிச்சிடுவாரு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. உன் வாயால அதைக் கேக்க என்னால முடியாது. வரணும்னா நீயா வா."

"நானாவா? நான் மண்ணாங்கட்டி. யாராவது உருட்டி விட்டாத்தான் நகருவேன்."

அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது அவள் அவனை மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிட்டாள். அவன் அவளை ஜோசியக்காரி என்றான். மண் எப்போது எவ்வளவு இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. இருவருக்கும் ஒரே கம்பெனி. அவளுக்குத் தலைமை அலுவலகம். அவனுக்கு எங்கெல்லாம் சதுப்பு நிலத்தில் கட்டடம் கட்டுகிறார்களோ அங்கெல்லாம் வேலை. ஒரு சைட் முடியும், வீட்டுக்கு வருவான், பையிலிருந்து துணியை எடுத்து முடிப்பதற்குள் அடுத்த சைட்டுக்கு ஆணை வந்துவிடும். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. அவள் கேட்கவில்லை. அவனும் உருளவில்லை.

இந்தத் தடவைதான் முதல் முறையாக, யாரும் கேட்காமலே காரியம் கைகூடும் போலிருந்தது. வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை அவனுக்குத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. இந்த மாதக் கடைசிக்குள் அவன் சைட்டில் மண்மேட்டை எடுத்துவிட்டு, நிலத்தைக் கட்டடக்காரர்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். மேடு இருக்கும்வரை அவனும் அங்கே இருந்தாக வேண்டும். மாதம் தாண்டினால் அந்த இடத்துக்கு வேறு ஒருவர் தயாராக இருக்கிறார்.

மேட்டை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியது அவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. காலையிலிருந்து தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் போய்ப் போய் வந்ததில் பக்கத்து மேஜைப் பெண், "குழாயைக் கழட்டி உன் மேஜையிலயே வச்சிடச் சொல்லவா?" என்றாள். திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று, மண் இப்படித்தான் இறங்கும் என்று அவள் கணக்கு சொன்னது. மற்றொன்று, இப்படித்தான் இறங்கியது என்று சைட்டிலிருந்து வாராவாரம் வந்த அளவு. ஆரம்பத்தில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயின. பிறகு சைட் கோடு படுத்துவிட்டது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கிய தரை, அதற்கப்புறம் அசையவே இல்லை. அவள் கோடோ, இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கிறது என்று கீழே போய்க்கொண்டே இருந்தது.

சைட் சொல்வது சரியென்றால் மேட்டை நாளைக்கே எடுக்கலாம்.

விஷயம் என்னவென்றால், அங்கே ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு வரப் போகிறது. கீழே இருப்பது தண்ணீர் ஊறிய களிமண். அப்படியே கட்டினால் கட்டடத்தின் எடையில் மண் வருடக்கணக்காக மெல்ல மெல்ல இறங்கி, தரை வெடித்துவிடும். அதனால் கட்டுவதற்கு முன்பே, கட்டடத்தை விட அதிக எடைக்கு மண்ணைக் கொண்டுவந்து மேடாகக் குவித்து, இறங்க வேண்டியதை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். வேலை முடிந்ததும் மேட்டை எடுத்துவிடுவார்கள். எப்போது முடிந்தது என்பதுதான் கேள்வி.

இதை அத்தைக்குப் புரியவைக்க அவள் போன ஞாயிற்றுக்கிழமை பட்ட பாடு கொஞ்சமல்ல. அவனுடைய அம்மாவைத்தான் அவள் அத்தை என்று கூப்பிடுவாள். வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். மகன் வரப்போகிறான் என்று அத்தை புதுத் திரைச்சீலை வாங்கி, ஜன்னலில் மாட்டி, பிடிக்காமல் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பையன் வீட்டுக்கு வர்றதுக்கும் அங்க இருக்கற மண்ணுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அத்தை, ஊறின கம்பளியை மடிச்சு வச்சு, மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சா என்ன ஆகும்?"

"அம்மிக்கல்லை எவன் தூக்கறது? எனக்கு இடுப்பு போயிடும்."

"யாரோ தூக்கிட்டாங்கன்னு வச்சுக்கங்களேன். வச்ச உடனே கம்பளி அமுங்கிடாது. முதல்ல உள்ள இருக்கற தண்ணிதான் எடையைத் தாங்கும். தண்ணி கசிஞ்சு வெளிய போகப் போக, எடை கம்பளி மேல விழும். அப்பதான் அது அமுங்கும். களிமண்ணுல தண்ணி கசியறதுக்கு ரொம்ப நாளாகும். சீக்கிரம் கசியட்டும்னு மண்ணுக்குள்ள பட்டை பட்டையா வடிகால் இறக்கியிருக்கோம். அப்படியும் மாசக்கணக்குல ஆகும்."

அத்தை ஸ்டூலிலிருந்து இறங்கித் திரையைச் சரிபார்த்தார். "தண்ணி போயிடுச்சா இல்லையான்னு யாரு சொல்லணும்?"

"நான்தான்."

"அப்ப போயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் அத்தை. பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ அவனை வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மண்ணுகிட்டயெல்லாம் நான் கெஞ்ச வேண்டியதே இல்ல" என்று முணுமுணுத்தார்.

அந்த முணுமுணுப்பு அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் அவள் அதைச் செய்தாள். கணக்கில் ஒரு எண் உண்டு. களிமண்ணிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கசியும் என்பதைச் சொல்லும் எண். ஆய்வகத்தில் உள்ளங்கையளவு மண்ணை அழுத்திப் பார்த்து எடுத்தது. சதுப்பு முழுவதும் அப்படியே இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே அதைக் கொஞ்சம் கூட்டினால் பாவமில்லை. கூட்டினாள். களிமண்ணின் அமுங்கும் தன்மையையும் ஒரு இழை குறைத்தாள். ஓட விட்டாள். அவளுடைய கோடு சாதுவாக வளைந்து, சைட் கோட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! மேட்டை எடுக்கலாம். மாதக் கடைசியில் அவன் வீட்டில் இருப்பான். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஆபீஸ் வருவார்கள். அவன் அவளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுத்தர மாட்டான். சண்டை வரும். அந்தச் சண்டைவரைக்கும் யோசித்துவிட்டாள்.

கையெழுத்துப் போட வேண்டிய தாளை அச்செடுக்கப் போனவள், பாதி வழியில் நின்றாள்.

தரை இறங்குவதைக் காட்ட மேட்டுக்கடியில் வைத்த தட்டுகளின் அளவு மட்டும்தான் பொருந்துகிறது. நீரழுத்தம்?

களிமண்ணுக்குள் மூன்று ஆழங்களில் நீரழுத்தமானிகளைப் புதைத்திருந்தார்கள். மண்ணிலிருந்து தண்ணீர் வெளியேற வெளியேற அவை காட்டும் அழுத்தம் குறைய வேண்டும். திரும்பி வந்து பார்த்தாள். புதிய எண்ணின்படி அழுத்தம் கிட்டத்தட்ட வடிந்திருக்க வேண்டும். கருவிகளோ, மூன்றும் ஒரே குரலில், இன்னும் இருக்கிறது என்றன. பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தாள். நீரழுத்தம் மூன்று இடத்திலும் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. தரை மட்டும் ஒத்துவரவில்லை.

உள்ளே தண்ணீர் இன்னும் அழுந்திக்கொண்டிருக்கும்போது, மேலே தரை எப்படி நின்றுவிடும்? கம்பளியில் தண்ணீர் இருக்கிறது, கல்லும் இருக்கிறது, கம்பளி மட்டும் அமுங்குவதை நிறுத்திவிட்டது என்றால் யார் நம்புவார்கள்?

மேனேஜர் நம்பினார். "அந்தக் கருவி எப்பவுமே தகராறு பண்ணும்மா. போன சைட்ல ரெண்டு செத்துப் போச்சு, நினைவிருக்கா?"

"மூணும் ஒரே மாதிரி தகராறு பண்ணாது சார்."

"தட்டு அளவு நேரடியா எடுக்கறது. கண்ணால பாக்கறது. அதை விட்டுட்டு..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? உன் வீட்டுக்காரருக்காகத்தான் அந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன். மேலிடத்துல தினமும் கேக்கறாங்க. நீயே குறுக்க நின்னா நான் என்ன பண்றது?"

"ஒரு தடவை சைட்டைப் பார்த்துட்டு வந்துடறேன் சார்."

"நல்லாப் பாரு. ஆனா சனிக்கிழமை எனக்கு ஒரு பதில் வேணும்."

அன்று மாலை போனில் அவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "ஜோசியக்காரி நேர்ல வர்றாங்களா? என்ன, எங்க அளவு மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல. பொருந்தல."

"எப்பவும் உன் கோட்டுக்குத் தகுந்த மாதிரி மண்ணு நடக்கணும்னா எப்படி? இந்தத் தடவை மண்ணுக்கு எங்க மேல பாசம் வந்துடுச்சுன்னு வச்சுக்கோயேன்." குரலில் சிரிப்பு இருந்தது. அதற்கடியில் ஒரு கெஞ்சல். இரண்டையும் அவள் கேட்டாள். கேட்டும், பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதைத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் அவள் மூன்று முறை இடம் மாறினாள். வெயில் என்று ஒரு முறை, பாட்டுச் சத்தம் என்று ஒரு முறை, மூன்றாவது எதற்கென்று அவளுக்கே தெரியாது. மனதுக்குள், சைட் சரியாக இருக்கட்டும், நான்தான் எங்கோ தப்பு பண்ணியிருக்கட்டும் என்ற வேண்டுதல் ஓடிக்கொண்டே இருந்தது. தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவன் நிறுத்தத்தில் காத்திருந்தான். கறுத்திருந்தான். காலணியில் காய்ந்த சேறு. "சாப்ட்டியா?" என்றான். "மேட்டைப் பாத்துட்டுச் சாப்பிடலாம்" என்றாள். "கேட்டது என் தப்பு" என்றான்.

மண்மேடு ஒரு மாடி உயரத்துக்கு மேல், கால்பந்து மைதானத்தை விடப் பெரிதாகப் படுத்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து இரும்புக் குழாய்கள் ஆங்காங்கே தலைநீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குழாயின் அடியிலும், மேட்டுக்குக் கீழே பழைய தரைமட்டத்தில், ஒரு இரும்புத் தட்டு. தட்டு இறங்கினால் குழாயும் இறங்கும். அதைத்தான் சர்வேயர் வாராவாரம் அளக்கிறார்.

"அளந்து காட்டுங்க சார்" என்றாள் சர்வேயரிடம்.

அவர் முக்காலியை நட்டு லெவல் கருவியைப் பொருத்தினார். "முதல்ல பெஞ்ச்மார்க் கல்லைப் பாத்துக்கறேன் மேடம்" என்றார். உதவியாளர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு மேட்டின் அடிவாரத்தைத் தாண்டிப் போய், ஒரு சிமெண்ட் கல்லின் மேல் நிறுத்தினார். இறங்காத ஒரு இடத்தோடு ஒப்பிட்டால்தான் மற்றது எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அந்த இறங்காத இடம்தான் பெஞ்ச்மார்க்.

அவள் கண் கல்லின் மேல் நிற்கவில்லை. அதன் பக்கத்தில், பாதை போடுவதற்காகக் கொட்டியிருந்த ஜல்லி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு குன்று போல நின்றது. லாரிகள் வந்து வந்து கொட்டிய தடம் ஈரமாக இருந்தது.

"அந்தக் கல்லு புதுசா?" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"முதல்ல பழைய பாலத்துத் தூண்லதான் குறி வச்சிருந்தோம்" என்றான் அவன். "அங்க போற வழி மழையில போயிடுச்சு. இவரு முழங்கால் சேத்துல நடந்து நடந்து சளி பிடிச்சுக் கெடந்தாரு. நான்தான் இங்கேயே ஒரு கல்லு நடச் சொன்னேன். மேட்டுலேருந்து தள்ளித்தானே இருக்கு?"

"ஜல்லி எப்போ வந்தது?"

"கல்லு நட்டதுக்கு அப்புறம்தான். லாரி அதுக்கு மேல உள்ள வராதுன்னு..."

அவன் பாதியில் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பிறகு ஜல்லியைப் பார்த்தான். ஆறு வருடமாகக் களிமண்ணில் வேலை செய்கிறவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குன்றாகக் குவித்த ஜல்லியும் ஒரு சுமைதான். அதற்கடியிலும் அதே களிமண்தான். கல்லும் தட்டும் ஜோடியாக இறங்கினால், லெவல் கருவியின் கண்ணுக்கு இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான் தெரியும்.

"அட கடவுளே!" என்றார் சர்வேயர் மெதுவாக.

பாலத்துத் தூணிலிருந்து திரும்பவும் அளந்து வர மத்தியானம் ஆகிவிட்டது. தூண் பாறையில் நிற்பது. அது ஏமாற்றாது. பாதை இன்னும் சரியாகக் காயவில்லை. நால்வரும் சேற்றில் மாறி மாறிச் சறுக்கினார்கள். ஒரு இடத்தில் அவள் விழப் போக, அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, உடனே விட்டான். யாரும் ஜோக் அடிக்கவில்லை.

"எழுபத்தி ரெண்டு மில்லி" என்றார் சர்வேயர், இரண்டாவது முறையும் கூட்டிப் பார்த்துவிட்டு. "கல்லு எழுபத்தி ரெண்டு மில்லி இறங்கியிருக்கு. நம்ம அளவுல அவ்வளவும் கணக்குல வராமப் போச்சு."

சைட் ஆபீஸ் என்ற தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து அவள் அந்த எழுபத்தி ரெண்டைச் சேர்த்துப் புள்ளிகளைத் திரும்ப வைத்தாள். இடையில் கல் எந்த வாரம் எவ்வளவு இறங்கியது என்பதை ஊகித்துத்தான் போட வேண்டியிருந்தது. புள்ளிகள் அவள் கோட்டின் மேல் அச்சாக வந்து விழவில்லை. மண் அவள் நினைத்ததை விடக் கொஞ்சம் வேகமாகவே இறங்கியிருந்தது. ஆனால் நின்றுவிடவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

"இவருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கேன், சாப்பிட்டு வரட்டும்" என்று அவன் சர்வேயரை அனுப்பிவிட்டு, கதவருகிலேயே நின்றான். மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

"ஆக, மேட்டை எடுக்க முடியாது."

"முடியாது."

"எத்தனை நாளு?"

"ஆறு மாசம். இல்ல, நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல. இனிமே தூண்லேருந்து ஒழுங்கா அளவு எடுத்துக் குடுத்தா சரியாச் சொல்றேன்."

"அப்ப அந்த இடம் போச்சு."

"போச்சு."

"எவ்வளவு சுலபமா சொல்ற!" அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்தான், உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கல்லை அங்க நட்டது நான்தான். அதை எழுதி அனுப்பிடறேன், அதுல ஒண்ணும் இல்ல. வேற ஒண்ணு கேக்கணும். நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் வீட்டுக்கு வந்திருப்பேன். போட்டிருக்கணும்னு சொல்லல. போட்டிருந்தா தரை வெடிச்சு, நம்ம ரெண்டு பேரும் தெருவுல நின்னிருப்போம். ஆனா..."

"சொல்லு."

"அம்மா தினமும் போன் பண்றாங்க. திரை மாட்டினேன், கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தினேன்னு. நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற. மண்ணைப் பத்திப் பேசற, நீரழுத்தம் பத்திப் பேசற. நான் வரணும்னு உனக்கு இருக்கா இல்லையா? எனக்கு நிஜமாவே தெரியல. ஆறு வருஷமாத் தெரியல. நான் வராம இருந்தா உனக்கு நிம்மதியோ என்னமோன்னு சில நாள் தோணும். அந்த நாள்ல அடுத்த சைட் எதுன்னு நானே மேனேஜர்கிட்ட கேட்டு வாங்கிக்குவேன்."

"நீயாவே கேட்டு வாங்கினியா?"

"ரெண்டு தடவை."

அவள் எழுந்துவிட்டாள். அந்தத் தகரப் பெட்டியில் நடக்க நாலடி கூட இல்லை. ஜன்னல் பக்கம் போய், மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவள் கேட்காமல் இருந்தால் அவன் தானாக வருவான் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தாள். அவள் கேட்காததாலேயே அவன் போய்க்கொண்டிருந்திருக்கிறான்.

"செவ்வாய்க்கிழமை கணக்குல நம்பரை மாத்தினேன்" என்றாள்.

"என்னது?"

"ரெண்டு நம்பரை. மேட்டை எடுக்கலாம்னு வர்ற மாதிரி. கையெழுத்துப் போடறதுக்கு பிரிண்டர் வரைக்கும் போயிட்டேன்."

"நீயா?" அவன் கை நாற்காலியிலிருந்து நழுவியது. "ஒரு மில்லிக்கு என்கிட்ட ஒரு வாரம் சண்டை போட்டவ நீ. நீயா?"

"நான்தான். பஸ்ல நீ எனக்கு ஜன்னல் சீட்டு தர மாட்டேங்கற வரைக்கும் யோசிச்சுட்டேன். இன்னைக்கு வர்ற வழியெல்லாம் என் கணக்கு தப்பா இருக்கட்டும்னு வேண்டிட்டு வந்தேன். போதுமா? இருக்கா இல்லையான்னா கேக்கற?"

வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வரும் ஓசை கேட்டது. யாரோ, "ஜல்லியை அங்க கொட்டாதே, அங்க கொட்டாதே!" என்று கத்தினார்கள்.

அவள் அவனுக்கு நேரே வந்து நின்றாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில், அவன் பையை மூடும்போது, பஸ் நிறுத்தத்தில், போனை வைக்கும் முன், நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போன சொற்கள். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"இந்த மண்ணு இறங்கற வரைக்கும் இங்க இரு. முடிஞ்சதும் அடுத்ததுக்குப் போகாத. ஆபீஸ்ல இடம் இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி. வீட்டுக்கு வந்துடு. என்கூட இரு."